மந்தையின் வயதுக் கணக்கு: காட்பாடி கருத்தரங்கத் தலைமை உரை

நம் அகழாய்வு அறிக்கைகளில் விலங்கெலும்புகளுக்கு ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் அது பின்னிணைப்பு. அதில் ஒரு பட்டியல் இருக்கும்: மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, மான், காட்டுப்பன்றி. அதைப் படித்துவிட்டு, அந்த மக்கள் கால்நடை வளர்த்தார்கள், வேட்டையும் ஆடினார்கள் என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதாது என்று வாதிடவே இந்தத் தலைமை உரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். ஒரு குடியிருப்பில் ஆட்டெலும்பு கிடைத்தது என்பதால் மட்டும் அங்கே மேய்ச்சல் வாழ்வு இருந்தது என்று ஆகிவிடாது. எந்தக் குட்டியை அறுப்பது, எந்தப் பெட்டையை விட்டுவைப்பது, எந்தக் காளையை ஏருக்குப் பழக்குவது என்று தலைமுறை தலைமுறையாக மனிதர் எடுத்த முடிவுகளின் தொகுப்புதான் மேய்ச்சல். அந்த முடிவுகள் எலும்பில் பதிந்திருக்கின்றன. ஆகவே, இது எந்த விலங்கு என்பதோடு கேள்வி நிற்கக் கூடாது. இது எந்த வயதில் இறந்தது, ஆணா பெண்ணா என்பதுவரை போக வேண்டும்.

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைத்தொடரிலுள்ள கஞ்ச் தாரே நல்ல சான்று. வளர்ப்பு விலங்கு காட்டு விலங்கைவிட உருவில் சிறியது. எனவே எலும்பு சிறுத்த இடத்தில் மேய்ச்சல் தொடங்கியது என்பதே நெடுங்காலம் நம்பப்பட்ட அளவுகோல். மெலிண்டா சீடரும் பிரயன் ஹெஸ்ஸேயும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வெள்ளாட்டு எலும்புகளை ஆண், பெண் என்று பிரித்து, இறந்த வயதையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிடாக்கள் இளவயதிலேயே கொல்லப்பட்டிருந்தன. பெட்டைகள் முழு வளர்ச்சியைத் தாண்டியும் வாழ்ந்திருந்தன. உருவமோ இன்னும் சிறுக்கத் தொடங்கியிருக்கவில்லை. வேட்டைக்காரன் கண்ணில் பட்ட பெரிய விலங்கை வீழ்த்துவான். மந்தைக்காரன்தான் நாளைக்கு ஈனப்போகும் பெட்டையைக் காப்பான். உடல் மாறுவதற்கு முன்பே மனிதரின் மனம் மாறிவிட்டது என்பதை அந்த வயதுக் கணக்கு காட்டிக்கொடுத்தது. நம் துணைக்கண்டத்தில் பலூசிஸ்தானின் மெஹர்கர் எலும்புகளை ரிச்சர்டு மெடோ அடுக்கு அடுக்காகப் படித்தபோது, தொடக்க அடுக்குகளில் மிகுந்திருந்த காட்டு விலங்குகள் குறைந்து, மாடும் ஆடும் பெருகுவது தெரிந்தது. திமில் உள்ள நம் மாட்டினம் அப்பகுதியிலேயே வளர்ப்புக்கு வந்தது என்ற முடிவு அந்தப் பொறுமையான படிப்பிலிருந்து பிறந்தது.

தென்னிந்தியாவின் நிலை வேறு. இங்கே மேய்ச்சலுக்கு எலும்பைத் தவிர இன்னொரு பெரிய சாட்சி உண்டு: கர்நாடக, ஆந்திர, தெலங்கானா வறண்ட நிலங்களில் இருக்கும் சாம்பல் மேடுகள். அவை மாட்டுச் சாணம் குவிந்து எரிந்தவை என்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கருதினார். 1957இல் உட்னூரில் எஃப். ஆர். ஆல்ச்சின் நடத்திய அகழாய்வில் பட்டிகளின் வேலித் தடங்களும் மாட்டுக் குளம்படிகளும் வெளிப்பட்டு அதை உறுதி செய்தன. பின்னர் கே. பத்தய்யா அகழ்ந்த புதிஹாளில் விலங்குகளை வெட்டிக் கூறுபோட்ட தரையே கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டின் புதிய கற்கால இடங்களில் அத்தகைய சாம்பல் மேடுகள் இல்லை. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத, திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியை எண்ணிப் பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1964–65, 1967–68 ஆண்டுகளில் அகழ்ந்த இடம் அது. குழி வீடுகள், மெருகேற்றிய கற்கோடரிகள், கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்த இடம். அம்மக்களின் பயிரைப் பற்றி நம்மால் ஓரளவு பேச முடிகிறது. அவர்களுடைய மந்தையைப் பற்றிப் பேசப் பட்டியும் இல்லை, சாம்பலும் இல்லை, எலும்புதான் உண்டு. வடக்கே உள்ளவர்களுக்கு எலும்பு துணைச் சாட்சி. நமக்கோ அதுவே முதற்சாட்சி.

முதற்சாட்சியை விசாரிப்பது எளிதல்ல. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மூதாதையான காட்டினங்கள் தென்னிந்தியாவில் இருந்ததில்லை. ஆகவே இங்கே ஐயத்துக்கிடமின்றி ஓர் ஆட்டெலும்பு கிடைத்தால், அது மனிதர் ஓட்டிக்கொண்டு வந்த ஆட்டின் வழிவந்ததே. இது நமக்கு வாய்த்த பெரிய வசதி. ஆனால் ‘ஐயத்துக்கிடமின்றி’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வெளிமானின் கால் எலும்பும் ஆட்டின் கால் எலும்பும் உடைந்த நிலையில் எளிதில் மயக்கும். மேற்கு மலைகளில் வரையாடு உண்டு. மாட்டெலும்புக்குப் பக்கத்தில் எருமையும் காட்டெருமையும் நிற்கின்றன. வல்லுநர்களே உடன்படாத எலும்புகள் இருக்கின்றன. குஜராத்தின் சுர்கோட்டடாவில் கிடைத்தவை குதிரை எலும்புகளே என்று சாந்தோர் பொக்கோனி சொன்னார். மெடோ அதை ஏற்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. எலும்புகள் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் இரண்டாவது கண் அவற்றைப் பார்க்க முடிந்தது என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன். பெயரெழுதிவிட்டோம், இனி இவை எதற்கு என்று எலும்பைக் கழித்துவிட்டால், தவறு நேர்ந்திருந்தாலும் அது நிலைத்துவிடும்.

வயதைக் கணிக்கச் சிறந்த உறுப்பு பல். பற்சிப்பி உடலிலேயே கடினமானது. மண்ணில் மற்றவை கரைந்த பின்னும் நிற்பது. பல்லைப் பார்த்து வயது சொல்லும் அறிவு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர்கள் வாயைத் திறந்து பார்த்து, பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வகைப்படுத்துவதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். மாட்டுக்கு ஏறத்தாழ 2 வயதுக்கு மேல் முதல் இணை நிலைப்பற்கள் வரும். ஆட்டுக்கு அது ஒன்று முதல் ஒன்றரை வயதில். ஆனால் தரகர் பார்ப்பது முன்பல். புதைந்த தாடையிலிருந்து முதலில் கழன்று தொலைவதும் முன்பல்லே. அகழ்வாளர் கையில் மிஞ்சுவது கடைவாய்ப் பற்கள். எந்தப் பல் முளைத்திருக்கிறது, எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கிறோம். அந்தக் கணிப்புக்கு நாம் கையாளும் அட்டவணைகள் பெரும்பாலும் துருக்கியிலும் ஐரோப்பாவிலும் உருவானவை. கோடையில் காய்ந்த புல்லையும் முட்புதரையும் மேயும் நம் ஆட்டின் பல், பசும்புல் தின்னும் ஆட்டின் பல்லைப் போலத் தேயும் என்று கொள்ள முடியாது. வயது தெரிந்த நம்மூர் விலங்குகளின் தாடைகளை வரிசைப்படுத்தி வைக்காதவரை, நாம் சொல்லும் வயதுகள் இரவல் வயதுகள்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். வயதுக் கணக்கே சரியாக வந்தாலும் அதன் பொருள் தெளிவாகிவிடுமா? துருக்கியின் அஷ்வான் காலே எலும்புகளை ஆராய்ந்த செபாஸ்டியன் பெய்ன், 1973இல் மூன்று மாதிரிகளை வகுத்தார். இறைச்சிக்கான மந்தையில் கிடாக்கள் வளர்ந்து எடை கூடியதும் கொல்லப்படும். பாலுக்கான மந்தையில் ஆண்குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே போகும். கம்பளிக்கான மந்தையில் முதிர்ந்தவை மிகும். இதை அப்படியே நம் மாட்டின்மேல் பொருத்தினால் தவறிவிடுவோம். நம் பசு கன்று முட்டாமல் பால் சுரப்பது அரிது. கன்று இறந்தால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்திக் கறந்த ஊர் இது. பாலுக்காக வளர்ப்பவன் கன்றைக் கொன்றால் பாலையும் இழப்பான். ஆகவே இங்கே இளங்கன்று எலும்புகள் குறைவாக இருப்பதைக் கொண்டு அம்மக்கள் பால் கறக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆண்கன்றுக்கு ஏரும் வண்டியும் காத்திருக்கும் நிலத்தில் கணக்கு மேலும் மாறும். ஆனால் இவையெல்லாம் வயதுக் கணக்கைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல. நம் விலங்கின் இயல்பிலிருந்து நம் மாதிரிகளை வகுக்கச் சொல்லும் காரணங்கள். பக்கச் சான்றும் இருக்கிறது. குஜராத்தின் கோட்டடா பாட்லியில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானையோடுகளில் ஊறிய கொழுப்பை ஆராய்ந்து, பால் புழங்கியதை 2020இல் காட்டினார்கள். எலும்பு ஐயம் எழுப்பும் இடத்தில் பானையைக் கேட்கலாம்.

இன்னொரு மறுப்பு இலக்கியத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை என்று திணை வகுத்துப் பாடப்பட்டவை; செங்கம் பகுதி நடுகற்களில் தொறுவுக்காக, அதாவது ஆநிரைக்காக, உயிர்விட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் கோவிவன் என்ற நாயின் பெயர்கூட இருக்கிறது. இவ்வளவு இருக்க எலும்பு எதற்கு? அந்தக் கற்களை மதிப்பதில் நான் யாருக்கும் பின்னிற்க மாட்டேன். ஆனால் அவை தொறு பறிபோன நாளைப் பேசுகின்றன; பறிபோகாத ஆயிரம் நாள்களில் அந்தத் தொறுவில் எத்தனை பசு, எத்தனை காளை, ஒரு பசு எத்தனை ஈற்றுவரை வாழ்ந்தது என்று பேசுவதில்லை. மேலும் பையம்பள்ளியின் புதிய கற்கால மக்கள், பாட்டுக்கும் கல்வெட்டுக்கும் மிக முற்பட்டவர்கள். பிற்காலப் பாட்டை அவர்கள்மேல் போர்த்துவது அவர்களுக்கு நாம் செய்யும் நீதியாகாது.

நம் வெப்ப மண்ணில் எலும்பு மிஞ்சுவதே குறைவு, இத்தனை சிறு மாதிரியில் என்ன சொல்ல முடியும் என்பாரும் உண்டு. உண்மைதான். கீழடியிலிருந்து புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி ஆராய்ந்ததாக மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட எலும்பு மாதிரிகள் 70. அவற்றில் பாதிக்கும் மேல் மாடு, எருமை, ஆடுகளுடையவை என்பது பயனுள்ள செய்தி. ஆனால் வயது வாரியாகவும் பால் வாரியாகவும் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் விரல்விட்டு எண்ணும் துண்டுகளே நிற்கும். இதற்கு மருந்து, குழியிலிருந்து வரும் மண் முழுவதையும் சலிப்பது. கையால் பொறுக்கும்போது மாட்டுத் தொடை எலும்பு அகப்படும். குட்டியின் பால்பல் மண்ணோடு போய்விடும். பிறகு மந்தையில் குட்டியே சாகவில்லை என்று எழுதுவோம். மாதிரி சிறியது என்பதில் மண்ணின் குற்றம் ஒரு பங்குதான். மீதி நம் கையில் இருக்கிறது.

தோல் தொழிலின் நடுவே கூடியிருக்கும் நமக்கு மட்டுமே எளிதாகப் புரியக்கூடிய இன்னொரு செய்தி உண்டு. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் உப்பிட்ட தோல் எங்கெங்கிருந்தோ வருகிறது. விலங்கின் எலும்பு அறுத்த ஊரிலேயே நின்றுவிடுகிறது. பழங்காலத்திலும் தோல் பயணப்பட்டிருக்கும். கொம்பும் குளம்பும் ஒட்டியபடியே தோல் கைமாறிய இடங்களில், பதனிடும் களத்தில் கொம்புக் குருத்தும் கால் நுனியும் மட்டும் குவிவதை ஐரோப்பிய நகரங்களின் பழைய தோல் பதனிடும் களங்கள் காட்டியிருக்கின்றன. எனவே எந்த உறுப்பின் எலும்பு மிகுகிறது என்று பார்க்காமல் தலைக்கணக்கு மட்டும் போட்டால், தோல் வாங்கிய இடத்தை மந்தை வளர்த்த இடமாகப் பிறழ உணர்வோம். கொம்படியிலும் குளம்புக்கு மேலும் விழும் மெல்லிய கீறல் தோலுரித்ததன் அடையாளம். மூட்டில் விழும் ஆழமான வெட்டு கறிக்காகக் கூறுபோட்டதன் அடையாளம். ஒரு முறை உரிப்பதைக் கூர்ந்து பார்த்தவருக்கு, கத்தி ஏன் அங்கே எலும்பைத் தொடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம்தொட்டு, தொட்டுப் பார்த்தே தோலின் தரம் சொல்லும் இவ்வட்டாரத் தொழிலாளர்களின் அறிவு நம் ஆய்வுக்குள் வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மரபணு ஆய்வு வந்த பின் பல்லையும் மூட்டையும் பார்ப்பது பழைய வேலை என்று இளைஞர் சிலர் கருதுகிறார்கள். வெப்பநாட்டு எலும்பில் மரபணு அரிதாகவே தப்புகிறது. தப்பினாலும் அது இனத்தையும் வழியையும் சொல்லும், அறுத்த வயதைச் சொல்லாது. இன்றைய மாடுகள் ஜெர்சிக் கலப்பு, அவற்றோடு பழையதை ஒப்பிடலாமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் ஆலம்பாடி, பர்கூர் மாடுகளும், மேச்சேரிச் செம்மறியும், சேலம் கருப்பு வெள்ளாடும் இன்னும் இருக்கும்போதே அவற்றின் எலும்புக்கூடுகளைச் சேர்க்க வேண்டும் என்கிறேன். இதற்கான மனிதர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்: 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தின் மருத்துவர்கள், அறுவைக்கூடத்தினர், சந்தைத் தரகர்கள், ஆட்டுக்கிடை போடுவோர். இயற்கையாக இறந்த விலங்கை வளர்த்தவரின் ஒப்புதலோடு பெற்று, புதைத்துச் சதை நீக்கி, எலும்பு அனைத்தையும் ஒரே பெட்டியில் வைக்கலாம். பெட்டியின்மேல் இனம், பால், வளர்த்தவர் சொன்ன பிறந்த மாதம், எத்தனை ஈற்று, எங்கே எதை மேய்ந்தது, ஏர் பூட்டியதா, எதனால் இறந்தது என்று எழுத வேண்டும். முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் ஒரே தாடையில் நிற்கும்படி படமெடுக்க வேண்டும். பையம்பள்ளியைப் போன்ற ஓரிடத்தில் அடுத்துக் குழியிறங்கும் குழு, முதல் தாடை வெளிவரும் அன்றே இந்தப் பெட்டிகளைத் திறந்து ஒப்பிட முடிய வேண்டும்.