மலையும் மண்ணும் மனிதன் கையும்
(பாயான் பாருவில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் பாயான் பாரு, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். 1970ஆம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் நெல்வயல்கள் பரந்து கிடந்தன. அவ்வயல்களின் மண் எங்கிருந்து வந்தது? மேற்கே தெரியும் மலைகளிலிருந்தே வந்தது.

பினாங்கு மலைகள் கருங்கல்லால் ஆனவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு இறுகி அக்கல்லாயிற்று. வெயிலும் மழையும் அதனைச் சிறுகச் சிறுக மணலாகவும் களிமண்ணாகவும் மாற்றின. ஆறுகள் அம்மண்ணைச் சுமந்து வந்து கடலோரத்தில் படியவிட்டன. இயற்கை இவ்வாறு பொறுமையுடன் ஆக்கியதே இச்சமவெளி.

மனிதனின் கையோ விரைவுடையது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. வயல்கள் மறைந்து தொழிற்சாலைகளும் புதிய நகரும் எழுந்தன. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது. இது நன்மையே. ஆயினும், சரிவான நிலத்தை வெட்டும்போது விழிப்பு வேண்டும். மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து நிற்கிறது; இலை மழையின் வேகத்தைத் தணிக்கிறது. இவ்விரண்டும் நீங்கிய சரிவில் நீர் இறங்கினால், மண் கனத்துச் சரிகிறது. 2017 அக்டோபர் 21ஆம் நாள், தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் வெட்டப்பட்ட சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். அடுத்த மாதம் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் தீவெங்கும் வெள்ளம் சூழ்ந்தது. பல இடங்களில் மண் சரிந்தது.

தோட்டத்தில் வாழும் உங்களுக்கு இப்பாடம் புதிதன்று. அந்நாளில், புல்பூண்டு இல்லாத தோட்டமே நல்ல தோட்டமெனத் துரைமார்கள் எண்ணினர். களை முழுவதையும் வழித்தெடுக்கச் செய்தனர். மழை மேல்மண்ணை அடித்துச் சென்றது. ரப்பர் மரங்கள் சத்திழந்தன. பின்னரே அவரை இனக் கொடிகளை மூடுபயிராகப் பரப்பினர். குன்றுகளில் படிபடியாக மேடை வெட்டினர். அக்கொடிகள் மண்ணையும் காத்தன. காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்த்து உரமும் ஊட்டின. மண்ணைச் சிதைத்ததும் மனிதன் கையே; அதனைக் காத்ததும் அக்கையே.

ஆகவே, தோழர்களே, சரிவிலுள்ள கொடிகளையும் செடிகளையும் வீணே அழிக்காதீர்கள். கால்வாயில் குப்பை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைமழையின்போது வீட்டின் பின்புறச் சரிவில் வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, சேற்றுநீர் திடீரெனக் கசிந்தாலோ, பொருள்களை எடுக்கத் தாமதியாமல் குழந்தைகளுடனும் முதியோருடனும் உடனே வெளியேறுங்கள். பின்னர் நிர்வாகத்திற்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் தெரிவியுங்கள். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். உயிரை மீட்க இயலாது.