தாலந்தும் தராதரமும்
(வெள்ளி விழா இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



நம் திறமைகளை அறிதலும் பிறருடைய வேறுபாடுகளை மதித்தலும் பற்றிக் கிறிஸ்தவ நோக்கில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். வேறுபாடு என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் துணுக்குறுவது இயற்கையே. அதன் பெயரால்தானே தனிக் கிணறும், தனிக் குவளையும், தனிச் சுடுகாடும் நமக்கென வகுத்தார்கள்! ஆகவே, எந்த வேறுபாட்டை மதிப்பது, எதனை மறுப்பது என்று முதலிலேயே தெளிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மனித சமுதாயத்தை ஓர் உடலாகக் காண்பது பழைய வழக்கம். இருக்கு வேதத்தின் புருஷ சூக்தம் வாய், தோள், தொடை, பாதம் என நான்கு உறுப்புகளோடு நான்கு வருணங்களை இணைக்கிறது. அந்த உடலில் நம் முன்னோர்க்குப் பாதத்திலும் இடமில்லை. பவுல் அடிகளும் ஏறத்தாழ கி.பி. 55-இல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் உடல் உவமையையே எடுத்தாளுகிறார். ஆனால் போக்கு முற்றிலும் வேறு. எந்த உறுப்புக்கும் மற்றோர் உறுப்பைத் தள்ளிவைக்கும் உரிமை இல்லை. எளியதென எண்ணப்படும் உறுப்புக்கே மிகுந்த கனம் உரியது என்பது அவர் வாதம். இது வெறும் தத்துவ விசாரமன்று. முந்தின அதிகாரத்தைப் படியுங்கள். திருவிருந்துக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளோர் முன்னதாகவே உண்டு குடிக்க, இல்லாதவர் பசித்திருந்தனர். அந்தப் பந்தி வழக்கை அடுத்தே வரங்களைப் பற்றிய பேச்சும் உடல் உவமையும் வருகின்றன.

இதைப் படித்தும் திருச்சபை கைக்கொள்ளாத காலம் நெடிது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் எதிர்த்து நின்றனர். சாதி வெறும் உலக வழக்கு, சமயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றனர். பந்தியிலும் இருக்கையிலும் புகுந்துவிட்ட உலக வழக்கு!

இனித் தாலந்துக்கு வருவோம். திறமை என்னும் பொருளில் இன்று வழங்கும் இச்சொல், இயேசுவின் காலத்தில் ஒரு பெருந்தொகையின் பெயர். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். கூலியாளின் நாட்கூலி ஒரு தெனாரியம். ஓய்வு நாட்களைக் கழித்தால் ஒரு தாலந்து ஈட்ட அவன் 20 ஆண்டுகள் பாடுபட வேண்டும். ஆக, உவமையில் ஒன்றே பெற்றவனும் வெறுங்கையன் அல்லன். ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் ஒரே பாராட்டைப் பெற்றதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றைப் புதைத்தவன் அச்சத்தால் புதைத்தான். பிரசங்கிமார் அவனைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். நம்மவருக்கு அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தவர் யார் என்பதையும் கேட்காமல் நாம் இருக்கலாகாது.

நம் தெருக்களில் தாலந்து இல்லாத வீடு எது? நாற்பது பேரின் நடவுக் கூலியை ஏடும் எழுத்துமின்றித் தீர்க்கிற தாய், நள்ளிரவில் பேறு பார்க்கும் மருத்துவச்சி, பறையை அனலில் காய்ச்சி அதன் பதத்தைச் செவியாலேயே அறியும் முதியவர், இவர்களுடைய அறிவைத் 'தொழில்' என்றும் 'இழிவு' என்றும் ஊர் சொல்லிற்று. நாமும் திறமை என்று எண்ணப் பழகவில்லை. எனினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திறமையைப் போற்றுவது வேறு, பிறப்பைக் காட்டி அத்தொழிலிலேயே கட்டிப்போடுவது வேறு. ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மறுப்பது நம் இளைஞனின் உரிமை. அதே பறையைக் கலையாகக் கற்று மேடையேற்றுவதும் அவன் உரிமையே. இவ்விருவரும் ஒருவரையொருவர் பழிப்பதைக் காணும்போதுதான் மனம் வருந்துகிறது.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். தீட்டென்று ஒதுக்கப்பட்ட பறை ஆலயத்துக்குள் ஒலித்தது. அனைவரும் ஒரே உலையில் பொங்கி உண்பதை 'ஒரு உலை' என்று இறையியல் கருத்தாகவே வளர்த்தார். கொரிந்துவின் பந்திக்கு இதைவிட நேரான விடையை நாம் கண்டதில்லை.

நம்முள்ளும் வேறுபாடுகள் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான நம்மவர்க்கு அட்டவணைச் சாதித் தகுதி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அது விரிக்கப்பட்டது. நமக்கு இன்னும் இல்லை. ஒரே பாட்டனின் பேரர் இருவர், சான்றிதழில் இரு வேறு வகுப்பினர்! உரிமைக்கான வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். கோவிலுக்குச் செல்பவனும் சபைக்குச் செல்பவனும், உட்பிரிவால் வேறுபட்டவர்களும், பத்தாம் வகுப்பில் தேறியவளும் தவறியவளும் இச்சங்கத்தின் ஒரே பாயில் அமர்வதற்கு எந்த ஆணையும் தடையாக இல்லை.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலைக் கூட்டத்துக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு தாளில், தம் திறமையை அன்று, அருகில் அமர்ந்திருப்பவரிடம் கண்ட திறமை ஒன்றை எழுதிச் செயலாளரிடம் தாருங்கள். மதிப்பெண்ணை அதில் எழுத வேண்டாம். அது பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அத்தாள்களைப் பொதுக்குழுவின்முன் வைத்து, அடுத்த ஆண்டுப் பயிற்சி வகுப்புகளை முடிவு செய்யுமாறு தலைவரிடம் விண்ணப்பித்திருக்கிறோம். அவரும் இசைந்துள்ளார்.