முதல் செடி வாங்கும் முன் யாரைக் கேட்பது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், பால்கனித் தோட்டம் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் இதே செயலாளரிடம்தான் என் தோட்டத்தைப் பற்றிய புகார் போயிற்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஓய்வு பெற்றது ஒரு பிப்ரவரி மாதம். கை சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் அழகாகச் சொல்லிக்கொடுத்தார்: மார்ச்சில் தக்காளி விதையுங்கள், நாள் முழுக்க நல்ல வெயில் படட்டும் என்று. அப்படியே செய்தேன். பத்து க்ரோ பேக், கோகோபீட், மண்புழு உரம் எல்லாம் வந்து இறங்கின. செடியும் நன்றாக வளர்ந்தது. மே மாதம் பூத்தது. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். அந்தத் தண்ணீர் வழிந்து, கீழ் வீட்டில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகளின் மேல் செம்மண் சாயம் ஏற்றியது. புகார் வந்தது அதனால்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டு அம்மாவே மேலே வந்தார்கள். சண்டைதான் என்று நினைத்தேன். அவர்கள் நேராகப் பால்கனிக்குப் போய், பையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தக்காளிச் செடியா, நெல் வயலா?" என்று கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "சித்திரை வெயில்ல தக்காளி பூ நிக்காது. இப்ப தண்டுக்கீரை போடுங்க, வெண்டை போடுங்க. தக்காளிய ஆடி கழிஞ்சு பாத்துக்கலாம்."

அவர்கள் சொன்னது அறிவியல்படியும் சரி. பகல் வெயில் கொளுத்தி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ காய் பிடிக்காமல் கொட்டிவிடும். அந்த வெளிநாட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் மார்ச் என்பது பனி விலகும் மாதம். நம் சென்னையில் அது கோடையின் வாசல்.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் நீங்கள் யார் பேச்சைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சொல்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? எந்த மாதத்துக்குச் சொல்கிறார்? அவருக்கு வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது? என் பால்கனி மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் அடுப்பு மாதிரி. எதிர் பிளாக்கில் வடக்குப் பார்த்த வீடுகளுக்கு வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். எனக்கு வந்த வெண்டைக்காய் அங்கே வராது. அங்கே செழிக்கும் மணி பிளான்ட் என் வீட்டில் கருகிவிடும்.

சரி, யாரைக் கேட்பது?

முதலில் நம் வளாகத்தையே கேளுங்கள். ஒரு நாள் மாலை கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். உங்கள் வீட்டைப் போலவே திசை பார்த்த பால்கனிகளில் எது பச்சையாக இருக்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செடி வளர்ப்பவர் யாரும் பேசாமல் அனுப்பமாட்டார். ஒரு கிளையும் ஒடித்துக் கொடுப்பார்.

இரண்டாவது, விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டர். எண் 1800-180-1551. கட்டணம் கிடையாது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்காகக் கூப்பிடுவதா என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. எடுத்தவர் பொறுமையாக, செடிக்கு என்ன வயது, இலையில் புள்ளி மேலேயா அடியிலா என்று கேட்டுப் பதில் சொன்னார். கூப்பிடும் முன் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம். பயிர் வாரியாகப் பருவம், உரம், பூச்சி எல்லாம் தமிழில் இருக்கிறது. ஏக்கர் கணக்கில்தான் சொல்லியிருப்பார்கள். அளவை விட்டுவிட்டு மாதத்தையும் பூச்சியின் படத்தையும் பாருங்கள்.

நர்சரிக்குப் போனால் பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். ஓசூர், பெங்களூரு பக்கத்துக் குளிரில் வளர்ந்த ரோஜா இங்கே வந்ததும் முகம் வாடிவிடும். "இது இங்க வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். நம் வெயிலில் ஒரு மாதம் தாங்கிய செடியை வாங்குங்கள்.

ஆசை வருவதற்கு கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடம். 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஆனால் அங்கே வேர் தரையில் ஓடுகிறது, நம் வீட்டில் பைக்குள் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர்க்காரர் போடுவதைப் பாருங்கள். அதிலும் செத்த செடியையும் காட்டுபவரை நம்புங்கள். எல்லாமே காய்த்துத் தொங்குகிறது என்பவர் பெரும்பாலும் எதையோ விற்கிறார்.

மாடியில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈர மண் லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கும். 20 லிட்டர் பையில் வெறும் மண் நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். மண், கோகோபீட், மக்கிய உரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் எடை குறையும். பையைத் தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் ஸ்டாண்டின் மேல் வையுங்கள். மழைநீர்க் குழாய் வாயை அடைக்காதீர்கள். மேல்மாடி வீட்டுக்காரர்கள் ஒழுகலுக்குப் பட்டபாடு நம் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் அனுமதி வாங்கியபின் முதல் பையை ஏற்றுங்கள்.

முதல் வருடம் மூன்றே செடி போதும்: கறிவேப்பிலை, புதினா, ஒரு கீரை. விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். என் பத்துத் தக்காளிக்கும் இந்த ஒரு விரல்தான் இல்லாமல் போயிற்று.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிளாக், திசை, விதைத்த தேதி, என்ன ஆயிற்று — நான்கே பத்தி. பட்டுப்போனதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். இரண்டு வருடத்தில் நம் கட்டடத்துக்கென்றே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

அந்த அம்மா சென்ற ஆண்டு மகன் வீட்டோடு இருக்க ஊர் மாறிப் போய்விட்டார்கள். போகும்போது அவர்கள் கொடுத்த தண்டுக்கீரை விதையில் வந்ததுதான் இதோ இந்தச் சிறு பொட்டலங்கள். அவர்கள் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தத்தில்தான் நோட்டு கேட்டேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழ் வீட்டுக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.