ஒரே ஆன்டெனா, நான்கு ரிசீவர்கள்

பொறியியற் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஜி.பி.எஸ். ரிசீவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கடிகாரத்துக்குச் சரியான நேரம் தருவது. ஏனையவை நில அளவைப் பயிற்சிக்கும் மாணவர் சோதனைகளுக்கும் உரியவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டெனா என்றால், மொட்டை மாடியில் நான்கு கம்பங்கள், சுவரில் நான்கு துளைகள், மழைநீர் புக நான்கு வழிகள். நல்ல ஆன்டெனா ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வதே சிக்கனமாகும். ஆயினும், கம்பியை வெட்டி முறுக்கி நான்காகப் பிரித்துவிட இயலாது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை, தரையை அடையும்போது ரிசீவரின் உள்ளிரைச்சலைவிட மெலிந்துவிடுகிறது. எனவே ஆன்டெனாவிலேயே ஒரு பெருக்கி வைக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம், சைகை இறங்கி வரும் அதே வடத்தின் வழியாக ரிசீவரிலிருந்து மேலேறுகிறது.

முதலில் இழப்பைக் கணக்கிடுவோம். நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் கால் பங்கே கிடைக்கும். இது 6 டெசிபெல் இழப்பு. ஸ்பிளிட்டரின் சொந்த இழப்பு ஏறத்தாழ 1. 20 மீட்டர் ஆர்.ஜி.-6 வடத்தில் ஏறத்தாழ 5. பெருக்கி தருவது 28 டெசிபெல் எனில், 16 மிஞ்சும். இது போதுமானது. இரைச்சலின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது முதற் பெருக்கியே அன்றோ!

ஸ்பிளிட்டருக்குப் பல ஆயிரம் செலவிட வேண்டியதில்லை. டிஷ் தொலைக்காட்சிக்கான ஸ்பிளிட்டர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குவது, ஜி.பி.எஸ்.ஸின் 1575.42, நமது நாவிக்கின் 1176.45 ஆகிய இரண்டும் அதற்குள் அடங்குகின்றன. அதன் 75 ஓமுக்கும் ரிசீவரின் 50 ஓமுக்கும் உள்ள பொருத்தமின்மையால் ஓர் இணைப்பில் நேரும் இழப்பு 0.2 டெசிபெலுக்கும் குறைவு.

உண்மையான இடர் மின்சாரத்தில்தான். ஒரு ரிசீவர் 5 வோல்ட்டும் மற்றொன்று 3.3 வோல்ட்டும் அனுப்பினால், ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள் பாயக்கூடும். ஆகவே ஒரே கிளை மட்டும் மின்சாரத்தை விட வேண்டும். எஞ்சிய மூன்றிலும் மின்தடுப்பு தேவை. ஆன்டெனா மின்னோட்டம் இல்லையெனில் பிழை காட்டும் ரிசீவர்களும் உண்டு. அவற்றுக்கு, தடுப்பின் ரிசீவர்ப் பக்கத்தில், சிறு மின்தூண்டிச் சுருள் வழியாக 200 ஓம் மின்தடை ஒன்றை இணைக்கலாம். 5 வோல்ட்டில் அது 25 மில்லியாம்பியர் இழுத்துப் பிழையை நீக்கும். டிஷ் பெட்டியை மட்டும் இதில் மறந்தும் இணைக்கலாகாது. அது அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் ஆன்டெனாவின் பெருக்கியைப் பாழாக்கிவிடும்.

நான்கு ரிசீவர்களும் ஆன்டெனா நிற்கும் புள்ளியையே காட்டும். இது குறையன்று. ஒரே புள்ளியில் அவை காட்டும் வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொரு ரிசீவரின் தரத்தையும் மாணவர்கள் ஒப்பிடலாம். நேரம் காட்டும் ரிசீவரில், 20 மீட்டர் வடத்துக்குரிய சுமார் 80 நானோ விநாடித் தாமதத்தைப் பதிந்துவிட வேண்டும்.

மின்சாரம் தரும் ரிசீவரை யாரேனும் அணைத்துவிட்டால் நான்கும் ஒருசேரக் குருடாகும். எனவே நாள் முழுதும் இயங்கும் ரிசீவரையே அக்கிளையில் இணைக்க வேண்டும். மின்தொகுப்புக்கோ தொலைபேசி நிலையத்துக்கோ நேரம் தரும் இடங்களில் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அங்கு இரண்டாவது ஆன்டெனா இன்றியமையாதது.