பொறிக்கு இடும் கட்டளை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘இளைஞரும் கல்வியும்’ பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொதுப்படப் பேசும் ஆற்றல் எனக்கில்லை. என் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுகிறேன்.

என் மகள் பொறியியல் இறுதியாண்டு மாணவி. வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்கும் வேளையில் அவள் அசெம்பிளி மொழி கற்கத் தொடங்கினாள். அதுவும் திறமூலத் திட்டம் ஒன்றுக்கு உழைப்பதற்காக. “ஊதியமில்லா வேலைக்கு இரவெல்லாம் விழிப்பதா?” என்று சினந்தேன். “பொறிக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா அப்பா?” என்றாள். இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சுக் குறைந்தது.

கணிப்பொறி அறிவது எண்களை மட்டுமே. அவ்வெண் கட்டளைகளைச் சிறு பெயர்களால் எழுதுவதே அசெம்பிளி. 1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறியிலேயே எழுத்துக் குறிகளால் கட்டளையிட்டனர். பின்னர் எளிய மொழிகள் பல தோன்றின. எனினும் பழையது ஒழிந்துவிடவில்லை. 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் நிரல், காணொளிகளைக் கையாள்வது. அதில் அசெம்பிளிப் பகுதிகள் மிகுதி. படப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டாது, பதினாறு பைட்டுகளை ஒரே கட்டளையில் கூட்டிவிடலாம் என்பதே காரணம்.

திறமூலம் என்பது மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைப்பது. நம் ஊர்களில் ஏரியைக் குடிமராமத்தாகத் தூர்வாரினார்கள் அல்லவா, ஏறத்தாழ அதுபோல.

அத்தகைய திட்டமொன்றுக்கு என் மகள் நாற்பது வரிகள் எழுதி அனுப்பினாள். திரும்பி வந்தது. ஒரு வரிசையில் இருபத்தொரு புள்ளிகள் இருந்தால், பதினாறு போக எஞ்சும் ஐந்தை அவள் எண்ணவில்லை. நிரல் எல்லை கடந்து படித்தது. திருத்தி அனுப்பினாள். மீண்டும் வந்தது. எக்ஸ்எம்எம் என்னும் சிற்றறைகளில் ஆறு முதல் பதினைந்து வரையுள்ளவற்றை விண்டோஸில் பயன்படுத்தினால், முன்பிருந்ததை மீட்டு வைத்துவிட்டே திரும்ப வேண்டும் என்று, முகமறியா ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். அவளுடைய பொறி லினக்ஸ்; அங்கே அவ்விதி இல்லை. ஆகவே அவளது சோதனையில் பிழை தோன்றவேயில்லை.

எனக்கு இது விளங்கவில்லை. என் மனைவிதான், “எதிர்வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கினால் இருந்தபடியே திருப்பித் தர வேண்டாமா?” என்றாள். மகள் சிரித்துவிட்டாள், எங்கள் மௌனமும் அன்றே கலைந்தது.

முப்பதாண்டு கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். தணிக்கைக் குறிப்பு வந்தால் முகம் சுளிப்பேன். அவளோ பிழை காட்டியவருக்கு நன்றி எழுதினாள். அதைக் கண்டு நான் சற்று நாணினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் முறை அவ்வரிகள் ஏற்கப்பட்டன.

வேலை இன்னும் கிடைத்தபாடில்லை. அக்கவலை எனக்கு நீங்கவுமில்லை. ஆயினும் இப்போது இரவில் அவள் அறையில் விளக்கு எரிந்தால் நான் கதவைத் தட்டுவதில்லை.

ஞாயிறு மாலைகளில் சங்க நூலக அறையில் காலனிப் பிள்ளைகள் நால்வர்க்கு அவள் இதைக் கற்பிக்கிறாள். கணிப்பொறி ஒன்றே உள்ளது. நால்வரும் முறைவைத்து அமர்கின்றனர். பழைய பொறியே இதற்குப் போதும். தங்கள் இல்லங்களில் பயன்படாது கிடப்பது இருப்பின், பெரியோர் தந்துதவ வேண்டுகிறேன்.