பட்டமும் பட்டறிவும்



கரிசல் மண்ணில் 'ஆபீசு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 'பிள்ளை ஆபீசுக்குப் போயிருக்கு' என்று ஒரு தாய் சொன்னால், மேசையும் கோப்பும் உள்ள அலுவலகத்தையே அயலூரார் எண்ணிக்கொள்வர். அவர் சுட்டுவதோ தீப்பெட்டி ஆபீசை. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அங்கு நடக்கும் வேலைகள். பிள்ளை இந்த ஆபீசிலிருந்து அந்த ஆபீசுக்குச் சென்றுவிடவேண்டும் என்பதே இவ்வட்டாரத்துப் பெற்றோர் தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பியதன் உட்கிடை. ஆகவே, பட்டதாரிகள் தம் பல்கலைக்கழக வாழ்வைக் குறித்து என்ன எண்ணுகின்றனர் என்னும் வினா இம்மண்ணில் எழும்போது, அவ்விரு ஆபீசுகளுக்கும் இடைப்பட்ட வழியைப் பற்றிய வினாவாகவே அது அமைந்துவிடுகிறது.

அவ்வழி எத்தகையது என்பதை ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளம் உணர்த்தியது. 2021 பிப்ரவரி 12 அன்று அவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் கல்லூரி மாணவி ஒருவரும் இருந்தார் என்றும், படிப்புச் செலவுக்காகவே வேலைக்கு வந்தவர் என்றும் அந்நாளைய ஏடுகள் எழுதின. ஓர் ஆபீசிலிருந்து விடுபடுவதற்கான விலையை அதே ஆபீசில் உழைத்து ஈட்டவேண்டியிருந்தது.

இவ்வட்டாரத்துக் கல்லூரிகளின் வரலாறும் இத்தொழிலோடு பின்னிக் கிடப்பதே. தீப்பெட்டித் தொழிலைக் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றிய இருவருள் ஒருவரான அய்யநாடாரின் பெயரால் 1963இல் எழுந்தது அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1968இல் தோன்றிய மகளிர் கல்லூரி, ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் என்னும் பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது. கந்தகமும் வெடியுப்பும் ஈட்டிய பொருள் கல்வியாக மாறியது. இதனைக் குறைகூறுதல் நன்றி மறத்தலாகும். ஆயினும் 1990இல் வெளிவந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் காட்டிய சிறுவர் சிறுமியர், அக்கல்லூரிகள் நிமிர்ந்து நின்ற காலத்திலேயே, விடியலுக்கு முன் பேருந்தேறி ஆபீசுக்குச் சென்றவர்கள் என்பதையும் மறத்தற்கியலாது.

பட்டதாரிகளின் கருத்தை அறிய இன்று படிவங்கள் உண்டு. தேசியத் தரமதிப்பீட்டுக் குழு 1994இல் அமைந்தபின், முன்னாள் மாணவரின் கருத்தைத் திரட்டுதல் கல்லூரிகளுக்குக் கடமையாயிற்று. நூலகம் எவ்வாறு, விடுதி எவ்வாறு, ஆசிரியர் எவ்வாறு என வினவி, மிக நன்று, நன்று எனக் குறியிடச் சொல்வர். இன்னொரு சான்று கல்லூரி ஆண்டு மலர். அதில் வரும் பிரிவுபசாரக் கவிதைகளில் கல்லூரி எப்போதும் தாய். மரநிழல் எப்போதும் குளிர்ச்சி. தோழமை எப்போதும் தூயது. (இவ்வகைக் கவிதை எழுதாத கவிஞர் இவ்வவையில் எத்தனைபேர் உளர் என்று கேட்பது முறையன்று.) படிவமும் மலரும் பொய்யுரைப்பன அல்ல. ஆனால் இரண்டும் கல்லூரியின் கையிலேயே திரும்பக் கொடுக்கப்படுபவை. கொடுப்பவர் நாவடக்கத்தோடுதான் கொடுப்பார்.

கல்லூரிக்கென எழுதப்படாத சான்றுகளே ஈண்டு வேண்டப்படுவன. அவற்றுள் தலையாய இரண்டு இம்மாவட்டத்தின் ஒரே ஊரிலிருந்து, ஒரே வீட்டிலிருந்து கிடைத்துள்ளன. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. அவருடைய தமையனார் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இருவரும் பட்டதாரிகள், இருவரும் பின்னாளில் ஆசிரியப் பணி ஏற்றவர்கள்.

'கருக்கு' நூலில் கல்லூரி வாழ்வு பெறும் பக்கங்கள் சிலவே. அவற்றுள் ஒரு காட்சி: கல்லூரி விழாவையொட்டி விருந்து. உடுத்திச் செல்ல நல்லதொரு சேலை இல்லை. அம்மாணவி குளியலறைக்குள் புகுந்து, விருந்து முடியும்வரை அங்கேயே ஒளிந்துகொள்கிறாள். மற்றொன்று: வகுப்பில், தாழ்த்தப்பட்ட மாணவியர்க்கெனத் தனிவகுப்பு நடக்கவிருப்பதாகக் கூறி, அவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார் ஆசிரியை. எழுந்தவர் மீது பிறர் பார்வை பதிகிறது. அவளோ சினந்து, அத்தனிவகுப்பே வேண்டா என மறுத்துவிடுகிறாள்.

இவ்விரு காட்சிகளிலும் கொடியவர் என்று எவரையும் விரல் நீட்டிச் சுட்டவியலாது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. விருந்து வைத்தவர்கள் மகிழ்விக்கவே வைத்தனர். தனிவகுப்பு நலத்திட்டமே. கொடுக்கும் முறையிலேயே இழிவும் உடன் கொடுக்கப்படுகிறது. கருத்துப் படிவத்தில் 'விடுதி உணவு' என்பதற்கு எதிரே அம்மாணவி 'நன்று' என்றுகூடக் குறியிட்டிருக்கலாம். சேலைக்கு அங்கே இடமில்லை.

பாமா வழங்கிய தீர்ப்பு இக்காட்சிகளோடு முடிந்துவிடவில்லை. நூலின் மொழியே ஒரு தீர்ப்பு. பட்டப்படிப்பு பயிற்றுவித்த எழுத்துத் தமிழை ஒதுக்கி, ஊர்த்தெருவின் பேச்சுத் தமிழில் அவர் எழுதினார். இதனைத் தமிழ்த் துறைகள் ஆற அமர எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல முற்பட்ட ஒரு பட்டதாரிக்குக் கல்லூரி தந்த மொழி உதவவில்லை என்பது எளிதில் ஒதுக்கத்தக்க செய்தியன்று. பிரான்சு நாட்டின் ஆனி எர்னோவும் ஏறத்தாழ இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டவர். ஆசிரியத் தேர்வில் வென்ற இரண்டே மாதத்தில் தந்தையை இழந்த நிகழ்ச்சியோடு, 1983இல் வந்த தம் நூலைத் தொடங்கும் அவர், கற்ற இலக்கிய நடையைத் துறந்து, அணியற்ற வெற்றுரைநடையையே தேர்ந்தார். அவருக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமையனாரின் வழி வேறு. தங்கை 'நான்' என்றெழுத, இவர் தம் வாழ்வையே சிலுவைராஜ் என்னும் பாத்திரத்தின்மேல் ஏற்றிப் படர்க்கையில் எழுதினார். தங்கையிடம் சினம், இவரிடம் எள்ளல். தன்னைத்தானே சிரித்துக்கொள்ளும் அவ்வெள்ளலுக்குத் தமிழ்த் தன்வரலாற்று நாவல்களில் இணை காண்பது அரிது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பயின்று, முதுகலையும் முடித்த சிலுவைராஜுக்கு வேலை கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினர்க்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை வழங்கியது. பின்னர் 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஊரில் எத்தெருவில் வாழவேண்டும் என்பதில் ஐயமில்லாத ஒருவன், அரசு ஏட்டில் மட்டும் வேறொருவன் ஆகிவிடுகிறான். இறுதியில் அவன் இந்துவாக மாறிச் சான்றிதழ் பெறுகிறான். ஆண்டுகள் பல முயன்று ஈட்டிய பட்டச் சான்றிதழ் செய்யாததை, மதம் மாறிப் பெற்ற ஒரு தாள் செய்யவேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பட்டதாரி ஒருவர் கூறிய கருத்துகளுள் இதனினும் கடியது தமிழில் உண்டோ என்பது ஐயமே.

ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவை ஆராய்ந்து நூலெழுதியவர் அவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். அம்மாதவையாவும் பட்டதாரியே. 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று உரையாற்றி அமர்ந்தவர், அங்கேயே உயிர்நீத்தார். பல்கலைக்கழகத்தைத் திருத்தலாம் என்று இறுதி மூச்சுவரை நம்பியவர் ஒருவர். அவரை ஆராய்ந்தவரோ அந்நம்பிக்கையை எள்ளலாக்கினார்.

எழுதியவர்களைப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு நடத்தின என்பதும் இப்பொருளைச் சார்ந்ததே. 'கருக்கு', லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வாயிலாக, ஆங்கிலத் துறைகள் பலவற்றில் பாடமாயிற்று. சேலையின்றி ஒளிந்தவளின் கதையை எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறும் காலம் வந்தது. அதே பாமாவின் 'சங்கதி'யையும், கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும் 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

கல்லூரி வாயிலை மிதிக்காதவர்களின் நிலையையும் ஒரு சொல்லில் குறிப்பிடலாம். இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்; புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற மேலாண்மை பொன்னுச்சாமிக்கு 2007இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவற்றைக் காட்டிப் பட்டமே வேண்டா என்போர் உளர். அவர்கள் தம் பிள்ளைகளுக்கு அவ்வறிவுரையை வழங்குவதில்லை.

பாமாவும் கல்வியை வேண்டா என்றவர் அல்லர். அக்கல்வியால் அன்றோ பிற்பாடு அவரே ஆசிரியராய் நின்றார். இன்று நிலை பெரிதும் மாறியிருப்பதும் உண்மை. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. முதல் பட்டதாரி என்பதற்கே சான்றிதழ் உண்டு. அச்சங்குளத்து விபத்துக்குப் பின்னர் வந்தது அத்திட்டம்.

ஆயினும், பட்டம் பெற்றோரிடமே படிவம் நீட்டப்படுகிறது. விடுமுறை நாள்களில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் சென்று கட்டணம் சேர்த்தவர்கள், இடையில் நின்றவர்கள், அஞ்சல்வழியே பயின்று பட்டத்தையும் அஞ்சலிலேயே பெற்றுப் பெட்டிக்குள் வைத்தவர்கள் ஆகியோரின் சொல் இன்னும் அச்சேறவில்லை. இவ்வட்டத்தின் உறுப்பினருள்ளும் அத்தகையோர் இருக்கக்கூடும். அடுத்த மலருக்கு அவர்கள் கவிதைதான் தரவேண்டும் என்பதில்லை. எந்தப் பருவத்துக் கட்டணம் எந்த நகையை அடகுவைத்துக் கட்டப்பட்டது, அந்நகை மீண்டதா என்பதை மட்டும், ஆண்டு குறித்து எழுதித் தரினும் போதும்.