மலை, தென்னை, வயல்

இந்தோனேசியாவில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் தாளையும் வண்ணப் பென்சிலையும் கொடுத்து இயற்கைக்காட்சி வரையச் சொன்னால், பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை, நடுவே எட்டிப் பார்க்கும் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் பாதை, இருபுறமும் நெல்வயல். இந்தச் சாயலைத் தேடிப் போனால் டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் போய் நிற்போம்.

அன்றைக்கு ஜாவாவில் இயற்கைக்காட்சி ஓவியங்களுக்கு நல்ல கிராக்கி. தூரத்தில் நீலமாய் மங்கும் எரிமலை, சாய்ந்த தென்னை, தண்ணீர் கட்டிய வயலில் வானத்தின் நிழல். ஊர் திரும்பும் டச்சு அதிகாரியும், கப்பலில் வந்திறங்கிய பயணியும் ஆசையாக வாங்கிப் போனார்கள். வரைந்தவர்களில் ஐரோப்பியர் மட்டுமல்ல, அப்துல்லா சூர்யோசுப்ரோதோ போன்ற உள்ளூர்க்காரர்களும் உண்டு. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஈர மண்ணில் காலை வெளிச்சம் படிவதை அவர்கள் பிடித்த விதம் இன்றும் நம்மை நிறுத்திவைக்கும்.

1939-இல் சுஜோயோனோ என்ற இளம் ஓவியர் இந்தப் படங்களை ‘மோய் இண்டி’ என்று எள்ளி எழுதினார். டச்சு மொழியில் ‘அழகிய இண்டீஸ்’, அதாவது டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா, என்று பொருள். மலையும் தென்னையும் வயலும் இந்த ஓவியர்களுக்கு மும்மூர்த்திகள் ஆகிவிட்டன என்பது அவருடைய கேலி.

கேலிக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. அவர் பிறந்தது சுமத்ராவின் கிசாரானில்; பெற்றோர் ஜாவாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். அதே கிழக்குச் சுமத்ராவின் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளும் கப்பலேறினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜாவாவின் வயலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1830-இல் தொடங்கிய கட்டாயச் சாகுபடி முறையில், கிராமங்கள் தம் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த இயற்கைக்காட்சிப் படங்களில் கரும்பாலையின் புகைபோக்கி கிடையாது. முதுகு வலிக்கக் குனிந்த கூலியாள் கிடையாது. விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கிய முற்றம்போல இருந்தது நாடு.

1938-இல் தோழர்களோடு சேர்ந்து ‘பெர்சாகி’ என்ற ஓவியர் சங்கத்தை சுஜோயோனோ தொடங்கினார். ஓவியத்தில் வரைந்தவனின் ‘ஜீவா’ வெளியே தெரிய வேண்டும் என்பார். நம்முடைய ‘ஜீவன்’தான் அங்கே ‘ஜீவா’.

அவருடைய 1939-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் மலையும் இல்லை, தென்னையும் இல்லை. விலக்கிக் கட்டிய கொசுவலை. அதன் முன்னால் கெபாயா என்ற மேல்சட்டை உடுத்து நாற்காலியில் ஒரு பெண். முகத்தில் சிரிப்பில்லை. நாம் அவளைப் பார்க்கப் போனால், அவள் நம்மை அளந்து பார்க்கிறாள். 1949-இல் வரைந்த ‘செக்கோ’வில் இடிந்த சுவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு விடுதலைப் போரின் ஒரு கெரில்லா இளைஞன். அதுவும் நாட்டின் நிலக்காட்சிதான். என்ன, அந்த நிலத்தில் இப்போது ஆள் நிற்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், விடுதலை பெற்ற நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்னோ இரண்டு வகையையும் விரும்பிச் சேர்த்தார். புரட்சி ஓவியமும் எழில் கொஞ்சும் வயலும் அவருடைய ஒரே சேகரிப்பில் இடம்பிடித்தன. பிற்காலத்தில் சுஜோயோனோவும் இயற்கைக்காட்சிகள் வரைந்தார். இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. மலை என்ன பாவம் செய்தது? அதை விற்பனைக்கு வைத்த பார்வைமேல்தான் அவருக்குக் கோபம். சொந்த மண்ணின் அழகை யாருக்கோ காட்டுவதற்காக அல்லாமல், தனக்காகப் பார்க்கும் உரிமையும் விடுதலையில் சேர்த்திதானே?

முதலில் சொன்ன பள்ளிப் பிள்ளையின் படத்தை அழிக்க வேண்டியதில்லை. இரண்டு மலைக்கும் நடுவிலிருந்து ஒரு பாதை இறங்கி வருகிறதல்லவா, அதில் நடந்து வருவது யார் என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்.